நர்ஸ் மார்க் பாக்கியம் அத்தை

என் அத்தை பாக்கியலட்சுமி காலமான செய்தி எங்கள் ஆபீஸ் போனில்தான் வந்தது. வீட்டுப் போனுக்கு அடிக்கும் உரிமையை அவர்கள் கணவர் தேவசகாயம் மாமாவுக்கு நாங்கள் ஒருநாளும் கொடுத்ததில்லை. ராஜபாளையத்தில் எங்கள் அப்பா நடத்தும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்தைப் பார்ப்பவள் நான். வெளியூர் போன் என்றால் நான்தான் எடுப்பேன் என்று மாமாவுக்குத் தெரியும்.

"கோமதி, ஒங்க அத்த போயிட்டாம்மா. டியூட்டி முடிஞ்சு உடுப்பு மாத்தப் போனவ நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. டாக்டர் ஓடி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

வீட்டுக்கு ஓடினேன். அப்பா காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா சட்னி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நமக்குக் குளிப்பு இல்ல. அன்னைக்கே முழுகியாச்சு. நீ ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசி அவியள எழுப்பி விட்றாத, சாப்பிடட்டும்."

இட்லியைப் பிட்ட அப்பாவின் கை பிட்டபடியே இலையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் போடும் நினைவு மலருக்கு அவர்கள் பிறந்த வீட்டிலிருந்து யாராவது எழுத வேண்டும் என்று மாமா கேட்டார். "எங்களப் பத்தி என்னத்த மாமா எழுத?" என்றேன். "நடந்தத எழுதும்மா. அவளுக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. மறைச்சது ஒரே ஒரு நாளுதான், அதுவும் ஒங்களுக்காகத்தான்" என்றார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இது. எழுதும்போதே வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் பலருக்கு அத்தை, ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியின் பாக்கியம் சிஸ்டர். கூமாப்பட்டியிலிருந்து பாம்புக்கடியோடு மாட்டு வண்டியில் வந்தவர்களும், வன்னியம்பட்டியில் வரப்பு வழுக்கிக் கை ஒடிந்தவர்களும், மூன்று ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சிகளும் அவர்களை அப்படித்தான் அறிவார்கள். அவர்களைப் பார்த்தே இராத வேறு சிலருக்கும் அவர்கள் முகம் தெரியும். எங்கள் பேண்டேஜ் பொட்டலத்தின் மேல், வெள்ளைத் தொப்பி போட்டு, உதட்டுக்கு மேலே ஒரு மச்சத்தோடு ஒரு பெண் இருக்கிறாளே, அது அத்தைதான். அந்த நர்ஸ் மார்க் துணி ராஜபாளையத்திலிருந்து கப்பலேறி மொரிஷியஸ் தீவு வரைக்கும் போகிறது.

அந்தப் படம் எடுத்த கதையை அத்தை சொல்லிக் கேட்க வேண்டும். தாத்தா கம்பெனி தொடங்கிய காலம். பொட்டலத்துக்கு ஒரு நர்ஸ் படம் வேண்டும். எந்த நர்ஸம்மாவும் ஸ்டூடியோவுக்கு வந்து நிற்கச் சம்மதிக்கவில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த மகளைத் தாத்தா கூட்டிக்கொண்டு போனார். எங்கள் தறியில் நெய்த துணியையே கஞ்சி போட்டு மடித்துத் தொப்பியாக்கி, முன்னால் ஒரு சிவப்புச் சிலுவையும் வரைந்து, தலையில் கவிழ்த்தார்களாம். "நான் பல்லக் காட்டிச் சிரிச்சேன். போட்டோக்காரரு, 'ஏம்மா, நோயாளி கால ஒடிச்சிக்கிட்டு வந்து கெடக்கான், நீ இளிச்சிக்கிட்டு நிக்கே'ன்னு வஞ்சாரு. அதான் படத்துல அம்புட்டுப் பவ்யம்" என்பார்கள். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாமல் சிரித்த ஒரு பெண்மணியின் முகம், சிரிக்காமல் இருந்த ஒரு நொடியில் அச்சாகிவிட்டது.

படம் வந்த பிறகு அத்தைக்கு ஆசையும் வந்துவிட்டது. "படத்துல மட்டும் நர்ஸா இருந்தாப் போதுமா ஐயா? நெசமாப் படிக்க வைங்க" என்று தாத்தாவை நச்சரித்தார்கள். தாத்தாவுக்கு மகள் என்றால் உயிர். படிக்க அனுப்பினார். படிப்பு முடிந்து மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மாதங்களில் தாத்தா போய்ச் சேர்ந்தார். கம்பெனியும் குடும்பமும் அப்பாவின் கைக்கு வந்தன. அப்பாவுக்கும் அத்தைக்கும் வயதில் நிறைய இடைவெளி. தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தை, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த தேவசகாயத்தைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வேற்று ஜாதி, வேற்று மதம், சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. செய்தி வந்த அன்று அப்பா எங்கள் எல்லோரையும் தோட்டத்துப் பம்புசெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா, நான், என் தம்பிகள், கடைசியில் கைக்குழந்தையாக இருந்த தங்கை வரைக்கும், உடுத்திய துணியோடு தலை முழுகினோம். இழவு வீட்டிலிருந்து வந்தால் முழுகுவது எங்கள் வழக்கம். உயிரோடு இருக்கிறவருக்காக முழுகினால், இனி அவர் செத்தவருக்குச் சமம். சித்தப்பா பெரியப்பா வீடுகளுக்கும் சொல்லி அனுப்பி, அவர்களையும் முழுக வைத்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு அம்மா லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார்: குடும்பத்தில் ஒரு துக்கம். டீச்சர் என் தலையைத் தடவி, "யாரும்மா?" என்று கேட்டார்கள். "எங்க அத்தை" என்றேன். பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். தின்றேன். அந்தச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அத்தை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்ததைப் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல சத்தமாக.

பல வருஷம் இப்படியே போயிற்று. வீட்டில் அவர்கள் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் முகம்? முகம் எங்கும் இருந்தது! குடோனில் அட்டி அட்டியாக, ஆபீஸ் மேஜையில், லாரியின் தார்ப்பாய்க்கு அடியில். பேர் சொல்லக் கூடாத தங்கையின் முகத்தை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. படத்தை மாற்றிவிடலாமே என்று ஒருவர் அப்பாவிடம் சொன்னாராம். "மாத்துனா சரக்கு ஓடுமாய்யா?" என்று அப்பா திருப்பிக் கேட்டாராம். நல்லா இருக்கு நியாயம்!

அப்புறம்தான் தீவிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. மொரிஷியஸில் எங்கள் துணியை இறக்கி விற்கிறவர் பெயர் அர்னாசெல்லம். அருணாசலம்தான் கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து புறப்பட்டு அர்னாசெல்லம் ஆகியிருக்கிறது. அவருடைய பாட்டன் காலத்திலேயே கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அங்கே இன்னொரு வியாபாரி மட்டமான துணியில் இதே மாதிரி ஒரு நர்ஸ் படத்தைப் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார். நம் மார்க்கை அந்த நாட்டில் உடனே பதிவு செய்யாவிட்டால் அவர் முந்திக்கொள்வார், அப்புறம் நம் சரக்கே அங்கே இறங்க முடியாது என்று அர்னாசெல்லம் எழுதியிருந்தார். எங்கள் துணியில் பெரும்பகுதி அந்தத் தீவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அது நின்றால் சத்திரப்பட்டிப் பக்கம் எங்களை நம்பி ஓடும் தறிகளில் முக்கால்வாசி நின்றுவிடும்.

விண்ணப்பம் போட்டோம். முதலில், தொப்பியில் சிவப்புச் சிலுவை இருக்கக் கூடாது, அது யாரும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாத சின்னம் என்று பதிவு அலுவலகத்தில் இருந்து சொல்லிவிட்டார்கள். ஆர்ட்டிஸ்ட்டை வைத்துச் சிலுவையை அழித்து அந்த இடத்தில் ஒரு பூ வரைந்தோம். அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. இந்தப் படத்தில் இருப்பவர் நிஜமான ஒரு பெண்ணா? உயிரோடு இருந்தால் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இறந்திருந்தால் குடும்பத்தார் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான் அதைத் தமிழில் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். கல்லூரி முடித்து ஆபீஸுக்கு வந்த புதிது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட. எப்படியோ ஒரு கையெழுத்துக்காகவாவது அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அத்தையின் வாசலில் நிற்பார் என்று நினைத்தேன். எவ்வளவு தூரம்? டவுன் பஸ் ஏறினால் செத்த நேரத்தில் இறங்கிவிடலாம்.

அப்பா போனது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இல்லை, வக்கீல் வீட்டுக்கு. நானும் கூட இருந்தேன்.

"படத்துல இருக்கது ஒங்க தங்கச்சில்லா? உசுரோட இருக்கவளா, செத்தவளான்னு போடணும்" என்றார் வக்கீல்.

"எங்களுக்குச் செத்தவதான்."

"ஒங்களுக்குச் சரி. சட்டத்துக்கு?"

"எழுதுங்கய்யா. நான் என்ன பொய்யா சொல்லுதேன்? ஊரறிய முழுகினோமா இல்லியா?"

"தலையில தண்ணி ஊத்துனது சர்டிபிகேட் ஆகாது."

"எங்க வீட்டுத் தண்ணி ஆகும்."

"அப்பா, அத்தை உசுரோடதானப்பா இருக்காக?" என்று நான் மெதுவாகச் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த அத்தை?" என்று கேட்டார். அதற்கு மேல் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் மனசார, தான் பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை. காகிதம் தீவுக்குப் போயிற்று. எங்கள் அத்தை கடல் தாண்டி ஒரு நாட்டில் சட்டப்படி செத்துப்போனார்கள். அன்றைக்கும் அவர்கள் ஆஸ்பத்திரியில் டியூட்டியில்தான் இருந்திருப்பார்கள்.

அதோடு முடிந்ததா? அந்த மட்டத் துணி வியாபாரி அங்கே எதிர்மனு போட்டார். இது யாரோ ஒரு பொம்மைப் படம், அப்படி ஒரு பெண்ணே கிடையாது, இவர்கள் சொல்வது பொய் என்று. அர்னாசெல்லத்தின் வக்கீல், நேரில் போய்ப் பார்த்து வந்து சாட்சி சொல்லும்படி அவரிடம் சொல்லிவிட்டார். அவர் வருவதாகத் தந்தி வந்ததும் அப்பா பரபரப்பானார். ஸ்டூடியோவில் எடுத்த மூலப் படத்தைத் தேடி எடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டினார். மதுரைக்கு ஆள் அனுப்பிச் சந்தனக் கட்டையில் செய்த மாலை ஒன்றை வாங்கி வரச் சொல்லி அதன் மேல் போட்டார். கீழே ஒரு சிவப்பு பல்பு. உயிரோடு இருக்கிற தங்கைக்கு!

அர்னாசெல்லம் வந்தார். பருத்த, சாதுவான மனுஷர். நெற்றி நிறைய விபூதி. உடைந்த தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினார். நான்தான் இடையில் மொழிபெயர்ப்பு. ஆபீஸுக்குள் நுழைந்தவர் படத்தைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றினார். கைகூப்பி நின்றார். கண்ணில் தண்ணீர். போன புயலில் தன் மனைவியின் தலையில் ஓடு விழுந்ததாகவும், எங்கள் துணியைச் சுற்றித்தான் பிழைக்க வைத்ததாகவும், அன்றிலிருந்து மனைவி அந்தப் பொட்டலப் படத்தைச் சாமி அறையில் வைத்து விளக்கேற்றுவதாகவும் சொன்னார். "சின்ன வயசிலே போயிட்டாங்களே" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் குனிகிறார் என்று அவர் நினைத்து அப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் அவருக்குப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, குன்றின் மேல் பெருமாள் கோயில்; அங்கே கூட்டிப் போனோம். சாமி கும்பிட்டு இறங்கும்போது படியில் கால் வழுக்கி உருண்டுவிட்டார். முழங்காலுக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் கொட்டியது. என் தாவணியைக் கிழித்துக் கட்டினேன். காரில் ஏற்றியதும் டிரைவர் அண்ணன் தானாகவே மிஷன் ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

"அங்க வேண்டாம். ராஜபாளையத்துக்கு விடு. நம்ம டாக்டர் இருக்காரு" என்றார் அப்பா.

"மொதலாளி, சீட்டு நனையுது. அம்புட்டுத் தூரம் தாங்காது."

"விடுன்னா விடு."

"அப்பா!" என்று கத்திவிட்டேன். என் ஆயுசில் அப்பாவைப் பார்த்துக் கத்தியது அன்றுதான். டிரைவர் அண்ணன் என் சொல்லைக் கேட்டார்.

கேஷுவாலிட்டியில் அன்று யார் இருக்க வேண்டுமோ அவர்கள்தான் இருந்தார்கள். அத்தை ஒரு கணம் அப்பாவைப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் எதிரெதிரே நின்றது அப்போதுதான். அத்தையின் முகம் மலர்ந்தது என்றே சொல்ல வேண்டும். தன்னைப் பார்க்கத்தான் அண்ணன் வந்துவிட்டார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டார்கள். பிறகு எங்கள் பின்னால் ரத்தத்தோடு நொண்டி வந்தவரைப் பார்த்ததும் முகத்தைத் திருத்திக்கொண்டு, "வாங்கய்யா, இப்படிக் கால நீட்டுங்க" என்று வேலையில் இறங்கிவிட்டார்கள்.

டாக்டர் தையல் போட்டுவிட்டுப் போனார். அத்தை கட்டுப் போடக் குனிந்தார்கள். அலமாரியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள். நர்ஸ் மார்க். பிரித்த காகிதம் அர்னாசெல்லத்தின் மடியில் விழுந்தது. அவர் காகிதத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். உதட்டுக்கு மேலே மச்சத்தைப் பார்த்தார். திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார்.

"அம்மா, இந்தப் படத்து அம்மா, இறந்துபோன அம்மா... உங்களுக்குச் சொந்தமா?"

அத்தையின் கை நின்றது. துணிச்சுருள் பாதி சுற்றியபடி கையில் இருந்தது. அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தை கெட்டிக்காரர்கள், யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தான் செத்துவிட்டதை அங்கேதான், அண்ணன் வீட்டு விருந்தாளியின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, தெரிந்துகொண்டார்கள்.

ஒரு வார்த்தை போதும். "அது நான்தான்யா" என்று சொல்லியிருந்தால், அந்தச் சாமி பக்தர் அங்கேயே எழுந்து போயிருப்பார். மார்க்கும் போயிருக்கும், கம்பெனியும் போயிருக்கும். எங்களுக்கு அது தகும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நானே சொல்வேன்.

அத்தை மறுபடி குனிந்து சுற்ற ஆரம்பித்தார்கள். "ஆமாங்கய்யா. எங்க அக்கா" என்றார்கள். "தவறிட்டாங்க."

"எப்படிம்மா?"

"என்னமோ தெரியல. வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாக." கடைசிச் சுற்றைச் சுற்றி ஊக்கைக் குத்தினார்கள். "எங்க அண்ணன் அவள தோளுல போட்டு வளத்தாரு. அவர கேளுங்க, சொல்லுவாரு."

அப்பா வெளியே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அர்னாசெல்லம் அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரைக் காரில் ஏற்றிவிட்டு நான் திரும்ப ஓடி வந்தேன். அத்தை குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "அத்தே" என்றேன். மேற்கொண்டு அழுகைதான் வந்தது.

"ஏட்டி, அழாத. படத்துக்கு மாலை போட்டிருக்கியளா?"

"ஆமா அத்தே."

"என்ன மாலை?"

"சந்தன மாலை."

"நல்லதாப் போச்சு. வாடாது." சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவிக்கொண்டு சொன்னார்கள்: "அந்தத் துணி நெய்யிறவிய வீட்டுப் பொண்ணுக எம்புட்டுப் பேரு எங்கிட்டப் பிள்ளை பெற வாராக தெரியுமா? தறி நின்னா அவிய என்ன செய்வாக? அதான் சொன்னேன். ஒங்கப்பாவுக்காகச் சொன்னேன்னு நெனைச்சிக்கிடாத." கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பி நின்றார்கள். "அவருக்காகவுந்தான். போ."

அர்னாசெல்லம் ஊருக்குப் போய்ச் சாட்சி சொன்னார். எதிர்மனு தள்ளுபடியாயிற்று. பதிவுச் சான்றிதழ் வந்ததும் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, மாலை போட்ட படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினோம். தொழிலாளர்களுக்கு லட்டு கொடுத்தோம். அப்பா மட்டும் லட்டு எடுக்கவில்லை. அடுத்த மாதம், மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி பேண்டேஜ் துணி இனாமாக அனுப்பு என்று என்னிடம் சொன்னார். நானே கொண்டுபோய் இறக்கினேன். அத்தை அட்டைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்னட்டி இது, எனக்குத் திவசமா?" என்றார்கள். ஆனால் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. "ஏழ சனத்துக்கு ஆகும், எறக்கு" என்றார்கள்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறையாவது நான் அத்தையைப் பார்க்கப் போவேன், வீட்டில் சொல்லாமல். போகும்போதெல்லாம் தட்டு நிறையச் சோறு வைப்பார்கள். தொப்பியில் சிலுவையை அழித்துப் பூ வரைந்த கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அவிய அழிச்சாக, நான் கழுத்துல போட்டுக்கிட்டேன், கணக்குச் சரியாப் போச்சு" என்றார்கள். நான் புறப்படும்போது ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ஒங்கப்பாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" தைலம் ஒன்று கொடுத்தனுப்புவார்கள். யார் கொடுத்தது என்று அப்பா கேட்டதில்லை. தேய்த்துக்கொள்வார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. முழுகியது முழுகியதுதான் என்று இருந்துவிட்டார். தெரிந்தே நாங்கள் எல்லோரும் அப்படி இருந்துவிட்டோம்.

செய்தி வந்த அன்றே சாயங்காலம் அடக்கம். இப்போது அதையும் சொல்லி முடிக்கிறேன்.

மாமா, அத்தையின் இளவயதுப் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிறந்த வீட்டோடு நின்றுவிட்டது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதற்கு, பேண்டேஜ் பொட்டலத்தில் இருந்து முகத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார் மனுஷர். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. ஆபீஸுக்குப் போய் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். சந்தன மாலையை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கறுத்துப்போயிருந்தது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. "வாரீங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் கொள்ளவில்லை. தறிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. எங்கள் சொந்தத்தில் நான் மட்டும்.

இருட்டும் நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்பா கூடத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட இலை அப்படியே இருந்தது.

"பொதைச்சாச்சா?" என்று கேட்டார்.

"ஆச்சுப்பா."

எழுந்து பின்கட்டுக்குப் போனார். மூட்டுவலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டு நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். சட்டை வேட்டியோடு குழாயடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். "நமக்குத்தான் குளிப்பு இல்லன்னேனே" என்றார் அம்மா. அப்பா நிறுத்தவில்லை. மறுபடியும் மறுபடியும் ஊற்றிக்கொண்டார். அவர் அழுவதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்தார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்தத் தீவுக்கு ஒரு லெட்டர் அடி. முன்னால எழுதிக் கொடுத்தது தப்பு, என் தங்கச்சி இன்னைக்குத்தான் செத்தான்னு எழுது."

"மார்க் போயிரும்பா."

"போனாப் போகட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவ வீட்டுக்காரர் சம்மதிச்சாப் புதுசா வாங்கலாமோ என்னமோ. அவரு கையெழுத்துப் போடணும்ல?"

"ஆமாப்பா. அவிய சம்மதிக்கணும்."

"நானே போய்க் கேக்கேன், மாப்பிள்ளகிட்ட."

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது. அத்தை கேட்க ஏங்கிய சொல்லும் அதுதான்.

அத்தே, லெட்டர் அடித்துவிட்டேன். தறிகளுக்கு என்ன ஆகும் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருந்தால் என்னை வைவீர்கள். ஆனால் உங்கள் அண்ணன் நாளைக் காலையில் உங்கள் வீட்டுக்கு வருகிறார். நீங்கள்தான் இல்லை. போய்ட்டு வாங்க அத்தே.